வெள்ளி வட்டம்

மெர்சி எந்தக் காகிதத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்து, கட்டைவிரலால் தடவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகை என்றாலும் அப்படித்தான். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் தோல் செக்கிங். கீறலோ, உண்ணி கடித்த தழும்போ கண்ணில் பட்டால் வெள்ளிநிறப் பேனாவால் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். வட்டம் விழுந்தால் ரிஜெக்ட்.

இப்போது வேலூரில் சொந்தமாகப் பத்திரிகை, போஸ்டர் டிசைன் செய்கிறாள். "கலரு ஜாஸ்தியானா கண்ணு பேஜார் ஆய்டும்" என்று வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்கும் ரோஜாப்பூக்களை ஈவிரக்கமில்லாமல் அழித்துவிடுவாள். இந்த வட்டாரத்து இளைஞர் கூட்டங்களின் உடைகளைப் பற்றி ஒரு கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. போஸ்டர், அழைப்பிதழ், பெயர்ப்பலகை எல்லாம் அவள் பொறுப்பு. ஒவ்வோர் உடைக்கும் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. கம்பெனி கழித்த தோலில் ஜாக்கெட் தைத்துப் போட்டுத் திரியும் ஆம்பூர்க் கூட்டத்தின் படம்தான் போஸ்டரில். ஜாக்கெட்டில் தெரிந்த தழும்புகளைச் சுற்றி வெள்ளி வட்டம் போட்டிருந்தாள். வேண்டாம் என்று ஒதுக்கியதையே இவர்கள் கெத்தாகப் போடுகிறார்களே என்பது அவள் எண்ணம். நானும் பிரமாதம் என்று சொல்லித் தொலைத்தேன்.

திறப்புக்கு முந்தைய நாள் மதியம், அந்தக் கூட்டத்து ஷாஹித், காட்சிக்கு வைக்க ஜாக்கெட்டுகளைப் பையில் போட்டு அரங்குக்குக் கொண்டுவந்தான். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவன். சுவரில் தன் படத்தைப் பார்த்தான். தோளில் வட்டம்.

"இன்னாக்கா இது? எங்கள ரிஜெக்ட்டுனு போட்டுட்டீங்களா?"

"உங்கள இல்லப்பா, தோல..."

"ஊர்ல யாருக்கா அப்டி பாப்பாங்க? எங்கம்மா பாத்தா இன்னா நெனைக்கும்?"

பையின் ஜிப்பை இழுத்து மூடினான். அந்த ஜாக்கெட்டுகள் இல்லையென்றால் கண்காட்சியே இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் வட்டம். வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனிக்குப் போகும் ஆம்பூரில் அதற்கு அர்த்தம் தெரியாத வீடு கிடையாது. எட்டு வருஷம் வட்டம் போட்டவளுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. எனக்கும் தோன்றவில்லை என்பதில் அதைவிட வெட்கம்.

மெர்சி வாதாடவில்லை. போஸ்டரைச் சுவரிலிருந்து பிரித்து மேஜைமேல் விரித்தாள்.

"தோல்ல போட்டா தொடச்சிடலாம். அச்சுல போட்டத தொடைக்க முடியாது. தப்பு என்னுது. நீதான் வெட்றவனாச்சே, எது வோணாமோ வெட்டி எடு. எத்தினி ஓட்டை விழுந்தாலும் அப்டியே மாட்டுறேன்."

பிளேடை அவன் பக்கம் தள்ளினாள்.

ஷாஹித் பையைக் கீழே வைத்துவிட்டுப் பிளேடை எடுத்தான். மெர்சி தாளை இரு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்தாள். பிளேடு வட்டத்தின் மேல் இறங்கியபோதும், அதன் ஓரத்தை ஒட்டியிருந்த விரல்களை அவள் எடுக்கவில்லை.