விற்பதற்கு முன் ஒரு சவாரி: மக்டொனால்ட் ஆற்றோரச் சாலை

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு விளம்பரம். எங்களுக்குப் பக்கத்துப் புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் என் தோழி வாசுகி தன் சைக்கிளை விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். போட்ட மறுநாளே ஹோம்புஷ்ஷிலிருந்து ஒரு மாணவர், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

வாசுகி யாழ்ப்பாணத்துக்காரர், மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் இருவரின் பிள்ளைகளும் ஒரே தமிழ்ப் பள்ளியில் படித்ததால் பழக்கம். நான்கு வருடங்களாகச் சனிக்கிழமைகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்டினோம். போன மே மாதம் பெரிய சாலை ஒன்றில் வேகமாக வந்த வண்டி அவரை உரசித் தள்ளிவிட்டுப் போனது. தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது, சைக்கிளையும் கடைக்காரர் சரிசெய்து கொடுத்துவிட்டார். ஆனால் வாசுகி அதன் பக்கமே திரும்பவில்லை. பார்க்கவே பிடிக்கவில்லை என்று கெல்லிவில்லில் எங்கள் வீட்டு கராஜில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

விற்பது அவர் இஷ்டம். ஆனால் பயத்தோடு விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. "சனிக்கிழமை ஒரே ஒரு தடவை ஓட்டுங்க. கார் அதிகம் வராத ரோடா நான் பாக்கறேன். அதுக்கப்புறமும் வேண்டாம்னா நானே துடைச்சு, வர்றவர்கிட்ட குடுத்துடறேன்" என்றேன். நச்சரிப்பதில் நான் கெட்டிக்காரி. கடைசியில், "சரி, ஒருக்காத்தான்" என்றார்.

கார் குறைவான சாலை என்றால் என் மனதில் முதலில் வருவது வைஸ்மன்ஸ் ஃபெரியிலிருந்து செயின்ட் ஆல்பன்ஸ் போகும் சாலைதான். ஹாக்ஸ்பரி ஆற்றைப் படகில் கடந்து, அதில் வந்து சேரும் மக்டொனால்ட் ஆற்றை ஒட்டியே மேலே போகும். ஒரு வழி இருபத்தொரு கிலோமீட்டர், முழுக்கத் தார். இரு பக்கமும் மலை இருந்தாலும் சாலை அடிவாரத்திலேயே போவதால் பெரிய ஏற்றம் கிடையாது. அதற்கப்பால் போவதற்கு ஊர் எதுவும் பெரிதாக இல்லை என்பதால் அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை.

அக்டோபர் சனிக்கிழமை, சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு காலை ஆறரைக்குக் கிளம்பினோம். கெல்லிவில்லிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மலையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் கார் இறங்கும்போது கீழே பனிமூட்டத்துக்குள் ஆறு கிடக்கும். காரைப் பூங்கா ஓரமாக நிறுத்திவிட்டு வெப்ஸ் க்ரீக் படகுத்துறைக்குப் போனோம்.

படகு என்றால் துடுப்புப் படகு அல்ல. பத்துப் பன்னிரண்டு கார்கள் ஏறும் இரும்புத் தளம். கரைக்குக் கரை கட்டிய கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு நகரும். கட்டணம் இல்லை. படகு போன பிறகு அந்த வடம் எங்கே போகிறது என்பது எனக்குப் பல நாள் சந்தேகம். ஆற்றின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

துறைக்கு இறங்கும் சரிவில்தான் வம்பு தொடங்கியது. வாசுகி பிரேக்கைப் பிடித்தார். பன்றியை அடைத்து வைத்தது போல ஒரு வீறல். படகுக்காக வரிசையில் நின்ற கார்களில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம்தான் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. காலைத் தரையில் தேய்த்து, தடுப்புக்கு இரண்டடி முன்னால் ஒருவழியாக நின்றார்.

படகோட்டி நல்ல மனிதர். "உங்களைப் பார்க்கும் முன்பே உங்கள் சத்தம் கேட்டுவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். வாசுகி சிரிக்கவில்லை.

"பாத்தீங்களே? அண்டைக்கு அடிபட்டதில என்னவோ பிழைச்சுப்போச்சு. கடைக்காரருக்கு விளங்கேல்ல. நான் திரும்பிப் போறன்."

அதற்குள் எங்களை ஏற்றிக்கொண்ட படகு நடு ஆற்றில் இருந்தது. அக்கரை போனதும், "ரோடு சமதளம்தான், மெதுவா உருட்டுங்க, நான் பின்னாடியே வர்றேன்" என்று கெஞ்சினேன். முன்னால் வேலிக்குப் பின்னே குதிரைகள், இடப்பக்கம் மஞ்சள் மணற்பாறைச் சுவர், வலப்பக்கம் ஆறு. மேலே போகப் போக ஆறு மெலிந்து, தண்ணீரைவிட மணல் அதிகமாகிவிடும். ஒரு இடத்தில் மேக்பை பறவை ஒன்று என் ஹெல்மெட்டைக் கொத்தப் பார்த்தது. இங்கே அக்டோபர் வசந்த காலம், அதற்குக் குஞ்சு இருக்கும், சைக்கிள்காரர்களைக் கண்டாலே ஆகாது. அதற்காகத்தான் ஹெல்மெட்டில் வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை முள்முள்ளாக நிறுத்தி வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் வாசுகி அன்று முதல் தடவை சிரித்தார்.

ஆனால் பின்னால் ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் போதும், பிரேக், வீறல், புல்லில் இறங்கி நின்றுவிடுவார். ஒவ்வொரு தடவையும் குதிரைகள் தலை தூக்கிப் பார்க்கும். வண்டிக்காரர்களோ தூரத்திலேயே வேகம் குறைத்து, மறுபக்கம் ஒதுங்கி, கை அசைத்துவிட்டுப் போனார்கள். நான்கைந்து வண்டிகள்தான் இருக்கும். அதற்கே ஒவ்வொரு தடவையும் மறுபடி ஏற அவருக்கு நேரம் பிடித்தது. தப்பு செய்துவிட்டோமோ என்று எனக்கே தோன்றியது. அன்பாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு ஒருவரை வதைக்கிறேனோ என்று வெட்கமாக இருந்தது.

இரண்டு மணி நேரத்தில் செயின்ட் ஆல்பன்ஸ். ஒரு பாலம், பழைய மணற்கல் விடுதி, பெரிய மரங்கள். அவ்வளவுதான் ஊர். கற்படியில் உட்கார்ந்து என் தயிர்சாதத்தையும் அவர் கொண்டுவந்த மீன் ரோல்ஸையும் பங்கு போட்டோம். எனக்குச் சும்மா இருக்க வராது. பிரேக் எதற்கு அப்படிக் கத்துகிறது என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். அவருடையது டிஸ்க் பிரேக். சக்கர நடுவில் இட்லித் தட்டு போல ஓட்டை போட்ட வட்டத் தகடு ஒன்று இருக்கும், அதைத்தான் பிரேக் கட்டைகள் பிடித்து வண்டியை நிறுத்தும். அந்த ஓட்டைகளின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ பிசுபிசுத்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன்.

சந்தனம்.

"ஐயோ ராகவா!" என்று கத்திவிட்டேன். ராகவன் என் கணவர். ஆயுத பூஜை வந்தால் எங்கள் கராஜில் தப்பிக்கும் பொருள் கிடையாது. காருக்கு, புல்வெட்டும் மிஷினுக்கு, ஏணிக்குக்கூடப் பொட்டு வைப்பார். அந்த வாரம்தான் பூஜை முடிந்திருந்தது. அடிபட்ட வண்டியாயிற்றே என்று வாசுகியின் சைக்கிளுக்குச் சிறப்புக் கவனிப்பு. பளபளவென்று வட்டமாக ஒரு தகடு கண்ணில் பட்டால் விடுவாரா? விளக்குக்கு நல்லெண்ணெய் ஊற்றிய அதே கையால் சுற்றிலும் சந்தனம், குங்குமம். பிறகு பொறுப்பாக, விளக்குத் துடைத்த எண்ணெய்த் துணியாலேயே துடைத்தும் வைத்திருக்கிறார். அந்தத் தகட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது, கத்தத்தான் செய்யும். என் சைக்கிள் பழைய மாதிரி, தகடு கிடையாது. அதனால் ஹாண்டில்பாரில் பொட்டோடு தப்பித்தது.

வாசுகி குனிந்து தானும் தகட்டைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உங்கட மனுசன் என்னைக் கும்பிட்டே ஆத்துக்க அனுப்பப் பாத்திருக்கிறார்!"

சிரித்து முடித்ததும் அவருக்குள் இருந்த நர்ஸ் வெளியே வந்தார். அவர் பையில் மருத்துவமனையில் கை துடைக்கும் ஆல்கஹால் தாள்கள் எப்போதும் இருக்கும். காயத்தைச் சுத்தம் செய்வது போல, ஒவ்வொரு ஓட்டையாக, புதுத் தாள் எடுத்து எடுத்துத் துடைத்தார். நான் பிரேக் கட்டைகளைக் கழற்றிக் கொடுத்தேன். அவற்றைச் சாலையோரம் கிடந்த ஒரு மணற்கல்லில் பளபளப்புப் போகும்வரை தேய்த்தார். மாட்டியதும் பாலத்தின் மேல் ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தார். நின்றது. சத்தமில்லை.

"சைக்கிளும் சரியில்ல, நானும் சரியில்ல எண்டு நினைச்சன்" என்றார். "சைக்கிள் சரியாத்தான் இருக்குது."

திரும்பும்போது, "நீங்கள் பின்னால வாங்கோ" என்று முன்னால் போனார்.

பாதி வழியில் குதிரைகளை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு பெரிய லாரி வந்தது. "பின்னாடி வண்டி!" என்று குரல் கொடுத்தேன். இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். தோள்கள் விறைத்தன. ஆனால் இறங்கவில்லை. சாலையில் தன் இடத்தை விடாமல் நேராக மிதித்தார். வளைவு முடியும்வரை லாரி பின்னாலேயே பொறுமையாக வந்து, அப்புறம் அகலமாக ஒதுங்கிக் கடந்தது. வாசுகி ஒரு கையை எடுத்து அசைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் இருந்ததால் பிழைத்தேன்.

துறையில் அதே படகோட்டி. வாசுகி சரிவில் இறங்கி ஓசையில்லாமல் வந்து நின்றார். "நீங்கள் வந்ததே தெரியவில்லையே" என்றார் அவர், ஏமாற்றத்தோடு.

பள்ளத்தாக்கில் ஃபோனுக்குச் சிக்னல் இல்லை. இக்கரை ஏறியதும் இரண்டு ஃபோன்களும் ஒன்றாக அலறின. எனக்கு ராகவன்: "எல்லாம் நல்லபடியா போச்சா? பூஜை போட்டது வீண் போகலை பாத்தியா?" வாசுகிக்கு அந்த மாணவர்: நாளை ஐந்து மணிக்கு வரலாம்தானே? வாசுகி க்ளவுஸைக் கழற்றாமலே எதையோ தட்டினார்.

"என்ன போட்டீங்க?"

"வித்துப்போச்சு எண்டு போட்டன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: படகு பராமரிப்புக்காக நிற்கும் நாட்கள் உண்டு, முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் கடை இல்லை, தண்ணீர் இரண்டு பாட்டிலாவது வேண்டும். சிக்னல் இல்லாததால் தனியாகப் போகாதீர்கள், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆற்றின் மறு கரையிலும் ஒரு சாலை உண்டு, ஆனால் மண் சாலை, மெல்லிய டயருக்கு ஆகாது. கனமழைக்குப் பிறகு அந்தப் பக்கமே வேண்டாம். கல்லில் தேய்த்ததெல்லாம் வீடு வந்து சேரத்தான், மறுவாரமே கடையில் கட்டைகளை மாற்றிவிட்டோம். பூஜை தாராளமாகப் போடுங்கள். பொட்டு ஹாண்டில்பாரோடு நிற்கட்டும்.

வாசுகி இன்னும் பெரிய சாலைகளில் ஓட்டுவதில்லை. ஓட்டச் சொல்லி நான் நச்சரிப்பதும் இல்லை. ஆனால் சைக்கிள் இப்போது எங்கள் கராஜில் இல்லை. நேற்று சனிக்கிழமை, விடிந்தும் விடியாததுமாக அவரிடமிருந்து மெசேஜ்: "வாசலில நிக்கிறன். வாறீங்களோ, படுத்திருக்கிறீங்களோ?"