மலைக் குளிரில் இரண்டு தூளிகள்

எண்பத்து நாலாம் வருடம், டிசம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஈஜோக் சந்தியில் பஸ் ஏறினேன். ரவாங்குக்கு டிக்கெட் ஒரு வெள்ளி இருபது காசு. நான் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவன். வேலை, திருவிழா, சாவு இவற்றுக்குத் தவிர நான் பஸ் ஏறியது குறைவு. இந்த முறை போனது குளிரில் படுத்துத் தூங்கிவிட்டு வருவதற்கு.

கூப்பிட்டவர் கோவிந்தன். அவருடைய மகனுக்கு என் மகள் தேவியைப் பேசி முடித்திருந்தோம்; தை மாதம் கல்யாணம். அவர் நிலம் அளக்கும் குழுவில் சங்கிலி பிடித்து, இருபது வருடம் காட்டிலேயே படுத்து எழுந்தவர். இப்போது ரவாங்கில் வீடு, ஆபீஸில் வேலை. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை லீவு போட்டு, மலையில் இரண்டு இரவு படுத்துவிட்டு வந்தால்தான் அவருக்கு உடம்பு நன்றாக இருக்குமாம். "பத்திரிக அடிக்கிறதுக்கு முன்ன நாம ரெண்டு பேரும் ஒரு தடவ போய்ட்டு வருவோம், சம்பந்தி" என்றார்.

எனக்கு வேறொரு வேலையும் இருந்தது. முந்தின வாரம்தான் தேவிக்கு ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. மூன்று வருடம் விடுதியில் தங்க வேண்டும். முடியும்வரை கல்யாணம் கூடாது. தேவி வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. சாப்பாடுதான் குறைந்துவிட்டது. "அவரு தனியா இருக்கறப்ப கேட்டுருங்க. கேக்காம வீட்டுக்கு வராதீங்க" என்று மனைவி சொல்லி அனுப்பினாள். வேலை வாங்கும் மண்டோரிடம் லீவு கேட்கவே மூன்று நாள் யோசிக்கிறவன் நான்.

ரவாங்கில் கோவிந்தன் ஒரே ஒரு கான்வாஸ் பையோடு நின்றார். நான் இரண்டு கம்பளி, ஒரு தலையணை, ஒரு பாய் கொண்டுபோயிருந்தேன். பஸ் கண்டக்டர் என் மூட்டையைப் பார்த்து, "என்னா அண்ணே, அண்ணியோட சண்டையா? வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்க லா" என்றார். பஸ்ஸே சிரித்தது. கோவிந்தன் மட்டும் சிரிக்காமல் தலையணையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கோலகுபு பாரு டவுனிலிருந்து மலை பஸ். கணவாய் வரைக்கும் ஏறக்குறைய இருபது மைல், முழுக்க வளைவு. நாங்கள் இறங்கியபோது மணி ஒன்றரை. நடுப்பகலில் மூடுபனி இறங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

பாதையை விட்டுக் கால் மைல் உள்ளே, பழைய அளவைக்காரர்கள் தங்கிய மேடு. அங்கே கோவிந்தன் பையைத் திறந்து வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிள்ளைகளுக்குக் கட்டும் தூளி போலத்தான், ஆனால் ஆள் நீளம். பட்டாளத்துச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய பச்சை நைலான் துணி. மரப்பட்டை அறுபடாமல் இருக்க அகலமான நாடாவைச் சுற்றி, அதில் கயிற்றைக் கட்டினார். மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. தூளிக் கயிறு ஒவ்வொன்றிலும் ஒரு கந்தைத் துணியை முடிந்தார். மழைத் தண்ணீர் கயிறு வழியாக வந்தால் அந்தக் கந்தையில் சொட்டி விழுந்துவிடும், படுக்கைக்குள் வராது. இவ்வளவையும் இருபது நிமிடத்தில் முடித்தார், இரண்டு ஆளுக்கு.

"இது என் மவனோடது. நீங்க படுங்க" என்று எனக்கு ஒன்றைக் காட்டினார். நேராகப் படுத்து வாழைக்காய் போல வளைந்தேன். "கோணலா படுங்க சம்பந்தி, முதுகு நேராயிடும்." அப்படியே ஆனது.

அன்றிரவு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இரண்டு கம்பளி போர்த்தியும் முதுகு ஐஸ் போல இருந்தது. அவரை எழுப்பக் கூச்சப்பட்டு, பையிலிருந்த இன்னொரு பிளாஸ்டிக் விரிப்பை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டேன். விடிந்தபோது கம்பளி நனைந்திருந்தது. மழை ஒரு சொட்டுக்கூடப் பெய்யவில்லை.

"ஒங்க மூச்சும் வேர்வையும்தான்" என்றார் கோவிந்தன். "பிளாஸ்டிக்குல சுத்துனா எங்க போவும்? ஒரு சத்தம் கொடுத்திருக்கக் கூடாதா?"

நான் கம்பளியைப் பிழிந்தேன். அவர் திட்டவில்லை. கம்பளியை நெருப்போரம் காயப்போட்டார். பிறகு இலவம் பஞ்சு வைத்துத் தைத்த பழைய சாரோங் துணி மெத்தை ஒன்றை எடுத்து, என் தூளிக்கு வெளியே, அடியில், தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டார். உள்ளே போட்டால் உடம்புக் கனத்தில் பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கின பஞ்சு சூடு தாங்காது. குளிர் வருவது கீழேயிருந்துதான் என்றார். இதுபோல எளிதான, சரியான விஷயத்தை நான் அதிகம் கேட்டதில்லை.

ஞாயிறு முழுதும் நடந்தோம், காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கினோம், தேத்தண்ணீர் குடித்தோம். ஒவ்வொரு கோப்பைக்கும் பேச்சை ஆரம்பிக்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே போய்விட்டது. இருட்டும்போது அவர் இரண்டு போத்தலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்து, ஒன்றை என் கால்மாட்டில் வைத்தார். அன்று நன்றாகத் தூங்கினேன்.

திங்கள் காலை ஐந்தே முக்கால். மூடுபனி. தூளியின் துணி இரண்டு பக்கமும் முகத்தை மூடி நின்றது. பக்கத்துத் தூளியில் அவர் கொட்டாவி விடுவது கேட்டது, ஆள் தெரியவில்லை. அவருக்கும் என் முகம் தெரியாது. பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். கடிதம் வந்ததையும், மூன்று வருடத்தையும், கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதையும், தேவி சரியாகச் சாப்பிடாததையும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

தூரத்தில் குரங்குகள் கூவி ஓய்ந்தன.

"இதக் கேக்கவா நேத்து பூரா தேத்தண்ணிய ஊதி ஊதிக் குடிச்சீங்க?" என்றது பக்கத்துத் தூளி.

"ஆமாம்."

"மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாச்சு. என் வீட்டுக்காரி ஆடுவா."

"தெரியும்."

அவர் புரண்டு படுத்ததில் கயிறு கிறீச்சிட்டது. பிறகு சொன்னார்: "பையனுக்கு இருபத்து மூணுதான். காத்திருப்பான். காத்திருக்கச் சொல்றேன். வீட்டுக்காரிய நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. சம்பந்தி நழுவிட்டாருன்னு ஒருத்தன் பேசக்கூடாது. கல்யாணம் வரைக்கும் வருசா வருசம் டிசம்பர்ல நீங்க எங்கூட மேல வரணும்."

"வர்றேன்" என்றேன். அவர் எழுந்து அடுப்பு மூட்டினார்.

மாலை நாலரை மணிக்கு ஈஜோக்கில் இறங்கியபோது சட்டை முதுகில் ஒட்டியது. எங்கள் பக்கத்தில் காற்றுக்கு ஆசைப்பட்டு வாசலில் படுப்போம். மேலே அதே காற்றுக்குப் பயந்து முதுகுக்கு அடியில் பஞ்சு கட்டுகிறார்கள். இரண்டும் ஒரே மாநிலம், அரை நாள் பஸ் தூரம்.

மனைவி எங்கள் தோட்டத்து லய வீட்டு வாசலிலேயே நின்றாள். மலை எப்படி என்று கேட்கவில்லை. "கேட்டீங்களா?" என்றாள்.

"எனக்குச் சொந்தமா ஒரு தூளி வாங்கணும்" என்றேன். "வருசா வருசம் கூட்டிட்டுப் போறாராம். தேவி படிச்சு முடிக்கிற வரைக்கும்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு என்னை மூட்டையோடு அப்படியே விட்டுவிட்டு, "தேவி!" என்று லயமே கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.