ஒழுகவிட்ட பம்பு

என் கணவருக்கு எது ஒழுகினாலும் ஆகாது. ஓசூரில் கார்களுக்குத் தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் வெகுகாலம் சீல் பிரிவில் இருந்தவர். பம்பிலிருந்து ஒரு சொட்டு வெளியே வரக்கூடாது என்பதுதான் அவர் வேலை. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கல்யாணமான புதிதில் என் சித்தி வீட்டு விருந்துக்குப் போனோம். இலை போட்டுக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். கொல்லைப்புறத்தில் புது வேட்டியோடு உட்கார்ந்து குழாயைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். சித்தி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நானும் அதே தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தவள்தான். அங்கேதான் அவரைப் பார்த்தேன், சண்டை போட்டேன், கட்டிக்கொண்டேன். பிறகு சிப்காட்டில் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்ன நிறுவனத்துக்கு மாறினேன். அங்கே செய்வதும் பம்புதான், ஆனால் உள்ளங்கையில் அடங்கிவிடும். தளர்ந்துபோன இதயத்தோடு சேர்த்து மார்புக்குள் பொருத்துவது. இதயத்தால் தள்ள முடியாத இரத்தத்தை அது தள்ளும். உள்ளே இறக்கை வைத்த ஒரு குட்டிச் சக்கரம் ஓயாமல் சுழலும். அதை இம்பெல்லர் என்போம்.

உலோகத்தைத் தொடுவதற்கு வெகுமுன்பே அந்தப் பம்பு கணினிக்குள் ஓட ஆரம்பித்துவிடும். பம்புக்குள் இருக்கும் காலி இடத்தை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, இரத்தம் எந்தக் கட்டத்தில் எப்படி ஓடுகிறது என்று கணினியைக் கணக்குப் போடவிடுவோம். விடை வண்ணப் படமாக வரும். இரத்தம் நசுங்கும் இடம் சிவப்பு, தேங்கும் இடம் நீலம். நசுங்கினால் இரத்த அணுக்கள் உடையும், தேங்கினால் உறையும். இரண்டுமே ஆளைக் கொன்றுவிடும்.

அங்கே சேர்ந்த மறுவருடம் என் கணவருக்கே இதயம் தளர்ந்தது. கதைக்காக நான் சேர்த்துச் சொல்வதல்ல, அப்படி அமைந்துவிட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. புது ஷூ சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். பெங்களூரில் டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மாத்திரையில் ஓட்டலாம், மாத்திரைக்கும் அடங்காமல் போனால் வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பம்பு இருக்கிறது என்று சொல்லி அதன் விலையையும் சொன்னார். பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அத்திப்பள்ளி தாண்டி ஜூஜுவாடி வந்ததும்தான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"டாக்டர் சொன்னாரே, அது நீ பண்ற பம்புதானே?"

"ஆமாங்க. அதே மாதிரிதான்."

"அப்ப சீக்கிரமா பண்ணு. நான் வெய்ட் பண்றன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் அது ஒரு பம்பு, எனக்கு மட்டும் பந்தயம். மாத்திரைகள் கைவிடுவதற்குள் எங்கள் பம்பு இரத்தத்தில் தேறி, ஆட்டில் தேறி, மனிதருக்கு வர வேண்டும். அதற்கு வருடங்கள் ஆகும் என்பது வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வேலையில் எனக்குக் கூட்டாளி ஒரு கிருஷ்ணகிரிக்காரர். முன்பு விவசாய மோட்டார் கம்பெனியில் இருந்தவர். நான் பாய் என்பேன், அவர் அக்கா என்பார். அவருடைய அண்ணனுக்கு ஓசூரில் கறிக்கடை. பரிசோதனைக்கு ஆட்டு இரத்தம் அங்கிருந்துதான் வரும். உறையாமலிருக்க மருந்து கலந்த பையில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பாய் காலையில் பைக்கில் கொண்டுவருவார். அதற்கென்று ஒரு பழைய சட்டை வைத்திருந்தார். இரத்தம் பட்ட துணியோடு தொழ முடியாது. "எந்த நாள் வேணா டெஸ்ட் வைங்கக்கா, வெள்ளிக்கிழம மட்டும் வேணாம்" என்பார். முதலாளி அவசரப்படுத்தினாலும் வெள்ளிக்கிழமையை நான் தொட்டதில்லை.

முதல் பரிசோதனைக்கு முன் எங்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கணினியில் பம்பின் திறன் எகிறியிருந்தது. இம்பெல்லரின் முதுகுக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து உண்டு. தள்ளிய இரத்தத்தில் கொஞ்சம் அது வழியாகப் பின்னால் ஒழுகிவிடும். அந்தச் சந்தை முடிந்தவரை நெருக்கி ஒழுக்கை அடைத்துவிட்டோம். அந்தச் சாதனைக்காக நான் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

குழாய்ச் சுற்றில் பம்பை மாட்டி, மதியம்வரை ஆட்டு இரத்தத்தை ஓடவிட்டு, கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழலில் வேகமாகச் சுழற்றினோம். அணுக்கள் அடியில் தங்கி, மேலே நிற்கும் நீர் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்போல நின்றது. அத்தனை அணுக்களை உடைத்திருந்தோம். இன்னொரு தடவை இப்படி வந்தால் இந்தப் பிரிவையே மூடிவிட்டு வேறு வேலை பார்ப்போம் என்றார் முதலாளி. நான் மவுஸை மேசைமேல் ஓங்கி அடித்தேன். பேட்டரி கழன்று எங்கேயோ ஓடியது. பாய் மேசைக்கு அடியில் தேடி எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் இரண்டு பேரும் பழைய படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தோம். இறக்கைகளில் குறையே இல்லை. அந்த மெல்லிய சந்துக்கு வந்தால், மற்ற இடங்களையெல்லாம் பொடிப்பொடிக் கட்டமாகப் பிரித்திருந்த நாங்கள் அங்கே மட்டும் பெரிய பெரிய கட்டங்களாக விட்டிருந்தோம். ஒழுகும் இடத்தை அடைப்போமே தவிர யார் உற்றுப் பார்ப்பார்கள்? பொடியாகப் பிரித்து மறுபடி ஓடவிட்டதும் சந்து முழுக்கச் சிவப்பு. அச்சுக்குப் பக்கத்தில் ஒரு திட்டு நீலம்.

பாய் நாற்காலியில் சாய்ந்து தலையில் கை வைத்தார். "நாம ரெண்டு பேருமே தண்ணி பம்புக்காரங்கக்கா. ஒழுவுற எடத்தப் பாத்தா கை தானா அடைக்கப் போவுது. ரத்தத்துக்கு அந்த ஒழுக்கு வேணும். அதுதான் அந்த எடத்தக் கழுவிவிடுது."

சந்தின் அகலத்தைக் கூட்டும் எண்களைத் தட்டும்போது என் விரல் கூசியது. திறன் இறங்கியது. முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, "நல்லா இருந்த பம்ப ஒழுக வைக்கவாம்மா இவ்ளோ படிச்சீங்க?" என்றார். அவரும் தண்ணீர் பம்பிலிருந்து வந்தவர்தான்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். சப்பாத்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"என்னாது, வேணும்னே ஒழுவ விடறீங்களா? எங்க லைன்ல இப்படிச் சொல்லியிருந்தா கேட்டுக்கு வெளிய தள்ளியிருப்பாங்க."

ஒழுகினால்தான் இரத்தம் நசுங்காது, தேங்காது என்று டம்ளரையும் தட்டையும் வைத்து விளக்கினேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் கட்டுப்பாடு வைத்திருந்ததால், விளக்கம் முடிவதற்குள் டம்ளரிலிருந்ததைக் குடித்துவிட்டார். ஆள் அப்படி.

இரண்டாம் பரிசோதனையை ஒரு வியாழக்கிழமை வைத்தோம். குழல் சுழன்று நின்றதும் சுழற்றும் இயந்திரத்தின் மூடியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாய்தான் திறந்து, குழலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இளநீரில் துளி மஞ்சள் கலந்தாற்போல வெளிறிய நீர். அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் முருகனைக் கூப்பிட்டேன். அப்புறம் அழுதுவிட்டேன். பாய் என்னைப் பார்க்காமல் குழலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எப்போதுமே அப்படித்தான், நல்ல மனுஷர்.

போனில் சொல்ல மனம் வரவில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெயில் இறங்குவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டேன். கதவைத் திறந்ததும் சமையலறையில் சொட்டுச் சத்தம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் இணைப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே வாளி பாதி நிறைந்திருந்தது. அவர் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேறிடுச்சிங்க. மஞ்சளா நிக்குது!"

அவர் முகம் மலர்ந்ததை நான் எழுதிக் காட்ட முடியாது. கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "குழாய் ஒழுவுதே, பாக்கலயா?" என்றேன்.

"இருக்கட்டும் விடு. ஒழுவுனாதான் நல்லதுன்னு நீதானே சொன்ன."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்க எழுந்து போனபோதுதான் வாளிக்குப் பின்னால் அவருடைய ஸ்பானர் கிடப்பதைப் பார்த்தேன். டூல் பெட்டி திறந்திருந்தது. புது வாஷர் தயாராக வெளியே இருந்தது. தலையணை ஒன்று தரையில் மடித்துப் போட்டிருந்தது. முட்டி போட்டுக் குனிந்து தொட்டிக்கு அடியில் தலையை விட்டிருக்கிறார். மூச்சு இடங்கொடுக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கிறார்.

துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தத் தலையணையில் தலை வைத்து உள்ளே நுழைந்தேன். சத்தம் கேட்டு வந்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தார்.

"அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கமா திருப்பு. நட்ட கீழ உட்டுடாத."

நட்டைக் கீழே விட்டேன். அது உருண்டு சுவரோரம் போனது. கைக்கு எட்டவில்லை. தண்ணீர் முகத்தில் சொட்டியது. டார்ச் வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. பேசிய நாலு வார்த்தைக்கே அவருக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"தோ, எடுத்துடறேன். கொஞ்சம் வெய்ட் பண்ணுங்க" என்றேன்.

"பண்ணிகிட்டுதானே இருக்கறன்" என்றார்.