பொங்கலுக்கு வருவதாகச் சொன்னேன்

இங்கே பள்ளிக்கூடத்தில் குழந்தைகளின் தலையைத் தொடக்கூடாது. கனடாவுக்கு வந்து இரண்டு வருடமாகியும் என் கைக்கு இது பழகவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் பேரனை வகுப்பில் விட்டுவிட்டு, அதே பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் தன்னார்வலராக உட்காருகிறேன். கழுத்தில் அடையாள அட்டை. அறைக்கதவு திறந்தே இருக்கவேண்டும். எதிரில் குளோயி என்கிற ஏழு வயதுப் பெண். சென்ற மாதம் அவள் ஒரு சொல்லில் திக்கி நின்றபோது, "மெதுவா படி கண்ணு" என்று வாய் தவறி வந்துவிட்டது. தன் பெயர் கண்ணு இல்லை, குளோயி என்று ஆங்கிலத்தில் திருத்தினாள். வேறு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அது முழுக்கத் தப்பும் இல்லை.

அந்த வேறு பிள்ளை தீபா. நெய்வேலியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலிசெய்து, மந்தாரக்குப்பத்தில் வாடகைக்குப் போனேன். என்னைப்போலவே ஓய்வுபெற்ற மேரியும் நானும் பக்கத்துப் பள்ளியில் மாலை வேளைகளில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தோம். தீபா அப்போது ஆறாம் வகுப்பு. கான்ட்ராக்ட் தொழிலாளியின் மகள். பக்கத்தில் இருப்பவள் படிப்பதைக் காதில் வாங்கி, அப்படியே ஒப்பித்து ஐந்து வருடம் ஓட்டியிருந்தாள். அவளுக்கு வாசிக்கவே தெரியாது என்று நான் கண்டுபிடித்த அன்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்" என்று அழுதாள். நான் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் எழுத்துக்கூட்டிச் சின்ன வாக்கியம் படித்தாள். அப்போதுதான் கனடாவிலிருந்து மகள் கூப்பிட்டாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று.

"நீங்க பூட்டா நான் யார்கிட்ட படிக்கிறது?" என்று தீபா கேட்டாள்.

"பொங்கலுக்கு வந்துடுவேன்" என்றேன். அப்படி ஒரு திட்டமே என்னிடம் இல்லை.

மூட்டு வலியால் மேரி வகுப்பை நிறுத்திவிட்டாள். தீபா எட்டாம் வகுப்போடு நின்று, பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறாள் என்று மேரிதான் போனில் சொன்னாள். நான் ஊருக்குப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். "அங்க உனக்கு வீடு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. முப்பத்து நான்கு வருடம் குடியிருந்த குவார்ட்டர்ஸில் இப்போது வேறு யாரோ.

ஞாயிற்றுக்கிழமை தீபாவின் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"படிக்கச் சொன்னா பயந்துகினு நிக்குது மேடம். எல்லாப் பசங்களும் சிரிக்குதுங்க. எத்தினி நாளு அசிங்கப்படும்?"

"தினமும் போன்லயே சொல்லித்தரேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்புங்க."

போன் தீபாவிடம் கைமாறியது.

"பொங்கலுக்கு வரேன்னீங்க."

"வரேம்மா. இப்ப புத்தகத்த எடு. ஒரே ஒரு பக்கம்." நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"முந்திரிக் கொட்ட எண்ண பட்டு வெரலெல்லாம் வெந்து கெடக்குது டீச்சர். போனையே புடிக்க முடில."

அதன்பின் மூன்று ஞாயிறுகள் மணி அடித்து அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை.

இந்தச் செவ்வாய் குளோயி ஒரு பக்கத்தை முழுதாகப் படித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பி, முதல் சொல்லின் கீழே விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வெள்ளையாக, ஒரு கீறல்கூட இல்லாத விரல். எனக்கு அந்தச் சொல் தெரியும். சொல்லித்தரத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. குழந்தை காத்துக்கொண்டிருந்தது.