கம்ப்யூட்டருக்கு அப்பா செய்த நாசவேலை

அம்மாவின் தம்பிக்கு எங்கள் வீட்டில் இரண்டு பெயர். எனக்கு மாமா, அப்பாவுக்கு ‘விஞ்ஞானி’. திருமுடிவாக்கத்தில் லேத் கம்பெனி வேலையை உதறிவிட்டு, கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி விற்கப் போகிறேன் என்று முடிச்சூரில் எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தவர் அவர். முதல் கம்ப்யூட்டர் எங்களுக்குத்தான். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ஞாயித்துக்கிழம சாயங்காலத்துக்குள்ள அதுல படம் வரணும். வரலைன்னா திங்கக்கிழம மறுபடியும் லேத்துதான். கம்பெனியில நானே பேசி வெச்சிருக்கேன்.”

நான் அப்போது நாலாம் வகுப்பு. யார் பக்கம் நிற்பது என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. படம் வந்தால் முதல் கேம் எனக்கு என்று மாமா சத்தியம் பண்ணியிருந்தார்.

ஞாயிறு காலை அம்மா புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். மாமா சுவிட்சைப் போட்டார். உள்ளே ஃபேன் சுற்றியது, கலர் கலராக விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

“எல்லாம் ஓடுது, டிஸ்ப்ளே மட்டும் பேஜாரு பண்ணுதே,” என்று மாமா தலையைச் சொறிந்தார்.

“மண்டபத்துல சீரியல் பல்பு எரியுது, மாப்பிள்ளையத்தான் காணோம்,” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மாமாவுக்காக அடக்கிக்கொண்டேன்.

மாமா உள்ளேயிருந்த ராம் என்ற மெமரிப் பட்டையைக் கழற்றி, என் ஸ்கூல் ரப்பரால் அதன் விளிம்பைத் தேய்த்து, திரும்ப மாட்டினார். படம் வரவில்லை. மறுபடி தேய்த்தார். ரப்பர்தான் தேய்ந்தது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வெள்ளத்தில் எல்லாம் போனபிறகு எங்கள் வீட்டில் அம்மா ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தாள். புதுச் சாமான் எதற்கும் கவரைக் கழற்றக் கூடாது. ஃப்ரிட்ஜ் கைப்பிடி, டிவி ரிமோட் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள்தான் குடித்தனம் நடத்தின. அன்றும், “டேய், எந்த மூடியையும் எடுத்துடாத, தூசி பூந்துக்கும்,” என்று சொல்லியிருந்தாள். மாமா அக்கா பேச்சைத் தட்டாதவர். கிராபிக்ஸ் கார்டின் வாயை அடைத்திருந்த மூடியை விட்டுவிட்டு, மேலே திறந்துகிடந்த வேறொரு துளையில் மானிட்டர் வயரைச் செருகிவிட்டார். அந்த மெஷினில் மூடியிருந்த வழியாகத்தான் படம் வரும். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது.

மதியம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். அப்பா தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று போனில் யாரிடமோ குசுகுசுத்துக்கொண்டிருந்தார். “ஆமா சார், ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளேதான் வரல... பின்பக்கமா? கீழ இருக்கறதா?” மாமாவின் மானத்தை ஆபீஸ் முழுக்கக் கப்பலேற்றுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கீழே வந்தால் மாமா அம்மாவிடம், “அக்கா, அந்த லேத் கம்பெனி காக்கிச் சட்டைய எடுத்து வெச்சுடு,” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். உள்ளே குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் வயரைப் பிடுங்கினார், எதையோ கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், வயரைக் கீழே வேறெங்கோ செருகினார். நிமிர்ந்தவர் கண்ணில் நான் பட்டேன். உதட்டில் விரலை வைத்து, “மூச்!” என்றார்.

அடப்பாவி அப்பா! நான் குளியலறைக் கதவைத் தட்டிக் கத்தினேன். “மாமா, அப்பா வயரப் பிடுங்கிட்டாரு!”

“இன்னாது? கரண்டு பூடுச்சா?” என்று குழாய்ச் சத்தத்துக்குள்ளிருந்து கேட்டார் மாமா.

வெளியே வந்தவர் நான் சொல்வதைக் காதில் வாங்கவே இல்லை. கடைசியாக ஒருமுறை ராமைத் தேய்த்து மாட்டிச் சுவிட்சைப் போட்டார். பளிச்சென்று படம் வந்தது.

“அக்கா, வந்துடுச்சுக்கா!” என்று அலறி என்னைத் தூக்கிச் சுற்றினார். என் ரப்பருக்கு முத்தம் கொடுத்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பரவால்லியே விஞ்ஞானி,” என்றார் அப்பா. “அந்தக் காக்கிச் சட்டைய இனிமே வீடு தொடைக்கப் போடு,” என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் போய்ப் பாவமாக இருந்தது. மாமாவைக் கவிழ்க்கத் திட்டம் போட்டு, ஆள் வைத்து யோசனை கேட்டு, கடைசியில் கெடுக்கக்கூடத் தெரியாமல் கோட்டை விட்டுவிட்டாரே மனுஷன்! பக்கத்தில் போய் அவர் காதோடு சொன்னேன்.

“கவலப்படாதப்பா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அடுத்த தடவ ஒழுங்கா கெடுத்துடலாம்.”

அப்பா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோற்றுப்போன ஆளுக்கு எதற்கு இவ்வளவு சிரிப்பு என்றுதான் எனக்கு விளங்கவில்லை.