மடிச் சோதனை

எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் செம்புக் கம்பி சுற்றும் வேலை பார்த்தேன். அந்தப் பிரிவில் நாங்கள் எல்லோரும் பெண்கள். கம்பி காணாமல் போகிறது என்று சொல்லி, ஷிப்டு விடும்போது எங்களைத் தடவிப் பார்க்க கேட்டில் ஓர் அம்மாளை நிறுத்தினார்கள். வாட்ச்மேனுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் உடம்பு கூசியது. பிறகு பழகிவிட்டது.

என் பக்கத்து மெஷினில் சித்தூர்ப் பெண் ஒருத்தி. கணவர் எதிர்க் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. மறுபடி நாள் தள்ளிப்போனபோது என்னிடம் மட்டும் சொன்னாள்.

"மூணு மாசம் தாண்டட்டுங்கக்கா, அப்பறம் ஊட்டுல சொல்லிக்கறேன். போன தடவ அவரு தொட்டில் கயிறே வாங்கிட்டு வந்துட்டாரு."

ஒருநாள் கேட்டில் அவள் மடியில் ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. பிரிக்கச் சொன்னார்கள். மாங்காய்க் கீற்றும் உப்பும்.

"மாசமா இருக்கறயா?" என்றாள் அந்த அம்மாள், சத்தமாகவே. வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, இன்றோடு நின்றுகொள் என்றார். பிரசவ லீவு கொடுக்க வேண்டிவரும், அதற்காகத்தான். அவள் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்தாள். நான் கையைப் பிடித்தேன்.

"வேல போனாப் போகுதுங்கக்கா. வாட்ச்மேன் டீக்கடையில சொல்லி எங்க ஊட்டுக்காரருக்கு நேத்தே தெரிஞ்சுபோச்சு. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்கு மட்டும் சொல்லலையான்னு கேக்கறாரு."

நான் மெஷினை நிறுத்தினேன். அடுத்தடுத்து எல்லா மெஷினும் நின்றன. கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தோம். மேனேஜர் வந்தார்.

"அவள உள்ள கூப்புடுங்க, நாங்களும் வர்றோம். இந்தச் சோதனையையும் நிறுத்தோணுங்க" என்றேன்.

"அப்போ கம்பி போனா?"

எங்களில் மூத்தவள் ஒருத்தி எழுந்து நின்றாள். "கம்பி போனா கம்பியத் தேடுங்க. எங்க வயித்துல என்ன இருக்குதுன்னு உங்களுக்கு எதுக்குங்க?"

சாயங்காலத்துக்குள் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சோதனை நிற்கவில்லை. அதற்கென்று கதவு போட்ட ஓர் அறை மட்டும் கொடுத்தார்கள். அதையே பெரிதாக நினைத்துச் சந்தோஷப்பட்டோம்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கணவரின் கோபமும் எப்போதோ தணிந்திருந்தது. வெகுநாள் கழித்து, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "அவருகிட்ட எப்படிச் சொல்லோணும்னு யோசிச்சு வெச்சிருந்தேனுங்கக்கா" என்றாள்.

எப்படி என்று நான் கேட்கவில்லை.