மூங்கில் இலைக்கு ஐஸ்

போன வருஷம் மாரி மழை ஓய்ந்து, வேளாண்மை கதிர் தள்ளியிருந்த நேரம். நற்பிட்டிமுனை வயலிலிருந்து தலையில் ஒரு வெள்ளைப் பஞ்சு மாதிரியான ரெஜிபோம் பெட்டியோடு கல்முனைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் எங்கள் வேன் சேற்றில் புதைந்து கிடந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

பெட்டிக்குள் ஐஸ். ஐஸுக்குள் ஒரு சின்னப் பையில் ஒரு பிடி மூங்கில் இலை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், ஊர் ஊராகக் கிடைத்த வேலையைச் செய்கிறவன். அப்போது பல்கலைக்கழக மிஸ் ஒருவருக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்தேன். அவர் மூங்கிலின் மரபணு முழுவதையும் வாசிக்கிறவர். மூங்கில் ஆயுளில் ஒருமுறைதான் பூக்கும், பூத்தால் மொத்தமாகச் சாகும். அந்த நேரத்தை அதற்கு யார் சொல்லிக்கொடுக்கிறது என்பது உள்ளே எழுதியிருக்கிறதாம். குருத்திலை வாடினால் அந்த எழுத்து துண்டு துண்டாகிவிடும், பிறகு கோர்க்க முடியாது என்றார்.

அந்த வயலோரப் புதர் பூத்திருந்தது. இலையெல்லாம் கொட்டி, அடியில் கொஞ்சம் குருத்துதான் மிச்சம். வயல் சொந்தக்காரப் போடியார் கத்தியோடு நின்றார்.

“இந்தப் பூ அரிசியாகும், அதத் திங்க எலி வரும். அது முடிஞ்சா எலி என்ட வேளாண்மைய என்ன செய்யும்? ஜும்ஆ முடிஞ்சு வந்து வெட்டிக் கொளுத்துவன். அதுக்குள்ள எடுக்கிறத எடுங்க.”

மிஸ் அவரிடம் கெஞ்சிக்கொண்டு நின்றார். பெட்டியைப் பின்னேரக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடு என்று என்னை அனுப்பினார். ஜும்ஆ என்று போடியார் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மீன்காரர் தூக்குகிற அதே பெட்டி. அதனால் வந்ததுதான் எல்லா வினையும்.

முதலில் ஒரு சைக்கிள்காரர் மறித்தார். “என்ன மீன் தம்பி?”

“மீன் இல்ல. மூங்கில் இலை.”

“மூங்கில் இலைக்கு ஐஸா?” மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அடுத்தவர் நல்ல பாரை மீன் என்றே நம்பினார். அவரும் திறந்தார். மதகடியில் தொப்பி போட்ட இரண்டு பேர், “இலையாமே! கஞ்சாவா மச்சான்?” என்று பையை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஒவ்வொருவரும் திறக்கத் திறக்க ஐஸ் தண்ணீராகி என் கழுத்தில் வழிந்தது.

கடைத்தெருவுக்கு வந்து பார்த்தால் எல்லாக் கதவும் பூட்டு. ஓட்டோ நிற்கிறது, ஓட்டுகிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ, எல்லோரும் பள்ளிவாசலில் தொழுகையில். பஸ் வர இன்னும் நேரம் கிடந்தது. பெட்டிக்குள் ஐஸ் ஒரு கை அளவுதான்.

ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினேன். ஒரு வீட்டுக் கேற்றில் ‘ஐஸ் பக்கட் உண்டு’ என்று மட்டையில் எழுதித் தொங்கியது. பொலித்தீன் பையில் சாயத் தண்ணீரை உறைய வைத்துப் பிள்ளைகளுக்கு விற்பார்களே, அது. கூப்பிட்டேன். தலையை மூடிக்கொண்டு ஒரு பெண் வந்தார்.

“இருக்கிற எல்லாம் தாங்க ராத்தா. காசு இந்தாங்க.”

“இந்த நேரம் யாவாரம் செய்ய ஏலா தம்பி. ஜும்ஆ முடியட்டும்.”

“அதுக்குள்ள இது செத்துப்போகும்!” கத்திவிட்டேன். இந்த முறை மூடியை நானே திறந்து காட்டினேன். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். இந்த ஊரில் இனி ஒரு நாளும் வேலை செய்வதில்லை என்று திட்டிக்கொண்டே பெட்டியைத் தூக்கினேன்.

“எங்க போறீங்க?”

திரும்பினால், ஒரு பேசின் நிறையப் பக்கட். சிவப்பு, பச்சை, மஞ்சள்.

“விக்க ஏலாண்டுதானே சொன்னன். தர ஏலாண்டு சொன்னனா?”

காசை நீட்டினேன். தொடவே இல்லை. மிஸ்ஸைப் பற்றியும் மூங்கில் பூப்பதைப் பற்றியும் நான் சொல்லச் சொல்ல, குனிந்து, பையைச் சுற்றி அவரே அடுக்கினார். “பொடியனுகள் பின்னேரம் வந்து கத்துவானுகள். நான் சமாளிக்கிறன். உங்கட மிஸ் வாசிச்சு முடிஞ்சா, அது ஏன் எல்லாம் ஒண்டாச் சாகுதெண்டு வந்து சொல்லிட்டுப் போங்க.”

பஸ் கண்டக்டர் பெட்டியைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். “மீன் ஏத்த மாட்டன்.”

“மீன் இல்ல. ஐஸ் பக்கட்.”

“ஓம், வைங்க.” அன்று பெட்டிக்குள் பார்க்காத ஒரே ஆள் அவர்தான்.

இலை வாடாமல் கொழும்பு ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக விடிந்ததும் மிஸ் சொன்னார். சொல்லிவிட்டு, சேற்றிலிருந்து இழுத்தெடுத்த வேனில் ஏறிப் போய்விட்டார். என் வேலையும் முடிந்தது. போடியார் சொன்னபடியே புதரைக் கொளுத்தியிருந்தார். கரிந்த அடியைத் தோண்ட ஆள் தேடினார். வேறு வேலை இல்லை. மண்வெட்டியை வாங்கிக்கொண்டு நானே இறங்கினேன். அந்த வேர் லேசில் விடுகிற வேர் இல்லை. நானும் இப்போது அப்படித்தான். அந்த ராத்தாவின் கேற்றடிக்குப் பிறகு எந்த வாசலில் யார் ‘ஏலா’ என்றாலும் நான் உடனே திரும்பி நடப்பதில்லை, கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.